பிள்ளைகள் நாடும் விளையாட்டிடம்

புறநகரில் குடியேறும் பெற்றோர் பிள்ளைகளுக்கென விளையாட்டிடம் தேடும்போது, ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் வர்ணம் பூசிய வேலியையும் கண்டு மனநிறைவு எய்துவர். பிள்ளைகளின் நாட்டமோ வேறு.

இதனை உணர்ந்தவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டுப் பூங்காக் கலைஞர் சோரென்சன். தாம் அமைத்த அழகிய திடல்களை விடுத்து, கட்டட வேலை நடைபெறும் இடங்களிற் கிடந்த பலகைகளையும் செங்கற்களையும் பிள்ளைகள் நாடியதை அவர் கண்டார். 1943ஆம் ஆண்டிலே, அந்நாடு ஜேர்மானியப் படையின் பிடியில் இருந்த காலத்தில், கொப்பன்ஹேகனின் புறநகராகிய எம்ட்ரப்பில் அவர் கருத்து உருப்பெற்றது. சுற்றிலும் மண்ணணையும் வேலியும். உள்ளே பழம்பலகையும் கல்லும் மண்ணும் கருவிகளும். பிள்ளைகள் தாமே குழி தோண்டினர், குடில் கட்டினர், கட்டியதைப் பிரித்து மீண்டும் கட்டினர். பொறுப்பாளர் உடனிருந்தார், ஆயினும் இதைச் செய், அதைச் செய் என ஏவவில்லை. 1946இல் அதனைப் பார்வையிட்ட பிரித்தானியாவின் அலன் சீமாட்டி, குண்டுவீச்சிற் பாழான மனைகளைத் தம் நாட்டிலும் அவ்வாறு பயன்படுத்தப் பாடுபட்டார்.

காயம் படாதோ எனத் தாய் அஞ்சுவது நியாயமே. ஆனால் ஆபத்து இருவகைப்படும். மரக்கிளையின் உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்; எவ்வளவு ஏறலாம் என்பதை அது தானே அளந்துகொள்ளும். உக்கிய பலகையும் துருப்பிடித்த சங்கிலியும் விளைக்கும் கேடு அதற்குத் தெரியாது. முன்னையதை விட்டுவைத்துப் பின்னையதை நீக்குவதே பெரியோர் கடன்.

ஆதலின், இடந்தேடும் பெற்றோர் ஊஞ்சல்களை எண்ணுவதை விடுத்துச் சற்றே அமர்ந்து நோக்குதல் நன்று. பெருந்தெருவைக் கடவாது நடந்து செல்ல இயலுமா? நிழல் உண்டா? பிள்ளைகள் தம் கையால் மாற்றியமைக்க மணலேனும் நீரேனும் உண்டா? இவை அமைந்த சிறுவெளி, இவையில்லாப் பெருந்திடலினும் மேலானது.