வளாகத்தில் ஆபத்து: செய்தி உரிய நேரத்தில் சேருமா?



தென் தில்லியில் உள்ள முனிர்கா, ஒரு காலத்தில் கிராமமாக இருந்து பின்னர் நகருக்குள் அடங்கிய பகுதியாகும். 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அதனை ஒட்டியே அமைந்துள்ளது. பல்கலைக்கழக விடுதிகளில் தங்கியிருக்கும் மாணவர்களைப் போலவே, முனிர்காவின் குறுகிய சந்துகளில் வாடகை அறை எடுத்துப் படிப்போரும் உளர். ஆபத்து வேளையில் இவ்விரு சாராருக்கும் ஒரே நேரத்தில் செய்தி சேர்ப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

2025 பிப்ரவரி 17 அன்று காலை 5.36 மணிக்குத் தில்லியில் 4.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையம், முனிர்காவுக்கு அண்மையிலுள்ள தவுலா குவான் பகுதி. பெருஞ்சேதம் ஏதும் இல்லை. ஆயினும், உறக்கத்திலிருந்து எழுந்தோடும் மாணவனுக்கு அத்தகைய வேளையில் தேவைப்படுவது நம்பத்தக்க ஒரே ஒரு செய்தி: எங்கே கூடுவது, எப்போது அறைக்குத் திரும்புவது என்பதே அது.

தாமதத்தின் விலை

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை 7.15 மணியளவில் முதல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பப்பட்டபோது மணி 9.26. அடுத்த சில நிமிடங்களில் இரண்டாம் தாக்குதல் தொடங்கிவிட்டது. மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டனர். இதன் பின்னர், 2008இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, வளாகங்களில் உடனடி எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது.

மூன்று வழிகள்

இன்று கைவசமுள்ள வழிகள் மூன்று. முதலாவது, வாட்ஸ்அப் போன்ற உடனடிச் செய்தி முறை. படமும் வரைபடமும் அனுப்ப இது ஏற்றது. ஆனால் இணையம் இல்லையேல் செயற்படாது. ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர இயலாது. வதந்தியும் இதே வழியிலேயே பரவுகிறது. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்ப முடியும் என வரம்பு விதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, குறுஞ்செய்தி. இதற்கு இணையம் வேண்டியதில்லை. எனினும் மொத்தமாக அனுப்பும் நிறுவனம் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். ஆபத்து வந்த பின் வாசகம் தேடுவது பயனற்றது.

மூன்றாவது, கோபுர ஒலிபரப்பு முறை. குறிப்பிட்ட பகுதியிலுள்ள கைப்பேசிகள் அனைத்திற்கும், எண்கள் எவையெனத் தெரியாமலே, செய்தி ஒரே நேரத்தில் செல்லும். விடுதி மாணவர், வாடகை அறை மாணவர் என்ற வேறுபாடு இங்கு இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் 2023இல் இதனை நாடெங்கும் சோதித்தன. ஆயினும் கல்லூரி தானே இதனை இயக்க இயலாது. அதிகாரம் பெற்ற அமைப்புகள் வாயிலாகவே இயலும். எனவே மாவட்ட நிர்வாகத்துடன் முன்னரே தொடர்பு ஏற்படுத்திக்கொள்வது இன்றியமையாதது.

மாணவரிடமிருந்து வரும் குரல்

செய்தி ஒருவழியாக மட்டும் சென்றால் போதாது. 2012 டிசம்பர் 16 இரவு, முனிர்காப் பேருந்து நிறுத்தத்தில் பேருந்து ஏறிய இளம் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. 2013இல் நிர்பயா நிதி உருவானது. 2016இல் கைப்பேசிகளில் அவசரப் பொத்தான் கட்டாயம் என அரசு அறிவித்தது. இன்று 112 என்ற ஒரே எண் உதவிக்கு உள்ளது. வளாகக் கட்டுப்பாட்டு அறையும் அழைப்பை ஏற்கும் நிலையில் இரவு பகலாக இயங்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

2018 ஜனவரி 13 அன்று ஹவாய்த் தீவில் ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை வெளியாயிற்று. அதனைத் திருத்தும் செய்தி வருவதற்கு 38 நிமிடங்கள் ஆயின. ஆதலின் எச்சரிக்கை வாசகத்துடன், அதனை விலக்கிக்கொள்ளும் வாசகமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அனுப்பும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாதபோது யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாசகம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாக அமைய வேண்டும். பார்வையற்றோருக்கு ஒலியும், செவிப்புலன் குறைந்தோருக்கு எழுத்தும் அதிர்வும் தேவை. மின்சாரம் நின்றால் உதவ ஒலிபெருக்கியும் சங்கும் இருக்கட்டும். பருவந்தோறும் ஒரு முறையேனும் ஒத்திகை நடைபெற வேண்டும்.

கருவி எத்துணை விரைவானதாயினும், முடிவெடுக்கத் தயங்கும் நிர்வாகத்தை அது விரைவுபடுத்திவிடாது. மணிக்கணக்கில் ஆகும் தாமதத்தை நிமிடக்கணக்கில் குறைப்பது, ஆபத்து வருமுன் மேற்கொள்ளும் ஆயத்தமே.