கேட்டவர்களால் பிறந்த கதைகள்

(பள்ளி மாணவரிடையே சிறுவர் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வெயில் ஏறிவிட்டது, நீட்டாமல் பேசுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் பேசப் போயிருந்தேன். கோழி திருடிய நரியொன்று கிணற்றில் விழுந்து மடிந்த கதையைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "ஐயா, அந்த நரியோட குட்டிகளை அப்புறம் யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. "அதிகப்பிரசங்கி, உட்கார்!" என்று ஒரு குரல் அதட்டியது. அவள் தலைகுனிந்து உட்கார்ந்தாள். நானோ பொன்னாடையை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லவில்லை. என் கதையைவிட நல்ல கதை அவள் கேள்விக்குள் இருந்தது என்பது வழியில்தான் எனக்கு உறைத்தது.

உலகம் போற்றும் சிறுவர் கதைகளில் ஒன்று, ஒரு குழந்தை கேட்டதால்தான் நமக்குக் கிடைத்தது. 1862ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்துவந்த ஒருவர், சிறுமியர் மூவரைப் படகில் அழைத்துச் சென்றார். பொழுது போக வாயில் வந்த கதையைச் சொன்னார். அவர்களில் ஆலிஸ் என்ற பத்து வயதுச் சிறுமி, அதை எழுதித் தரும்படி கேட்டாள். அவள் கேட்டிராவிட்டால் அக்கதை ஆற்றோடு போயிருக்கும். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் அவர் எழுதிய அந்தக் கதை, 1865இல் நூலாக வெளிவந்தது.

1893இல் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி, நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்குக் குறும்புக்கார முயல் ஒன்றின் கதையைப் படம் வரைந்து கடிதமாக அனுப்பினார். பின்னர் அதை நூலாக்க விரும்பியபோது பதிப்பகங்கள் மறுத்தன. மனந்தளராமல் 1901இல் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் அதை ஏற்று வெளியிட்டது. ஒரு பிள்ளையின் மனம் மகிழ எழுதியது, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சொத்தாயிற்று.

எழுத்தாளர் என்றால் தனிப் பிறவி என்று எண்ணிவிடாதீர்கள். நம் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் உங்களுக்காகப் பாட்டெழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

ஆகவே, பிள்ளைகளே, கதை கேட்டால் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். "ஏன்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நீங்களே எழுதிப் பாருங்கள். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்றே: கேட்கிற பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். அன்று உட்கார்ந்த அந்தச் சிறுமி மறுபடியும் எழுந்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

என் பேச்சு முடிந்தது. மீதி நேரம் உங்களுடையது. கடைசி வரிசையிலிருந்து தொடங்குவோமா?