போர்க்கலைகளின் உரைகல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய அவையில் போர்க்கலைக்கு என்ன வேலை என்னும் வியப்பு எழுவது இயல்பே. ஆனால் வீரத்தைப் பாடுதற்கென்றே புறத்திணையை வகுத்துக்கொண்ட மொழி தமிழ். பாடப்பெறும் வீரமும் களத்தில் நிற்கும் வீரமும் ஒன்றுதானா என்று கேட்கும் உரிமையும் கடமையும் அம்மொழியின் கவிஞர்களுக்கு உண்டு. கராத்தே, குங்ஃபூ, ஜூடோ, குத்துச்சண்டை, மற்போர் என முறைகள் பல. ஒவ்வொன்றும் தன்னையே தலைசிறந்ததாகக் கூறிக்கொள்கின்றது. உண்மையான சண்டை நேரும்போது இவற்றுள் எது கைகொடுக்கும்? கடந்த 140 ஆண்டுகளாக இவ்வினாவுக்குக் களத்திலேயே விடை தேடப்பட்டு வந்துள்ளது. தற்காப்புக்கென மகனையோ மகளையோ ஒரு பயிற்சிக் கூடத்துக்கு அனுப்ப எண்ணும் எவரும் அவ்விடையை அறிந்திருத்தல் நலம். பொய்யான நம்பிக்கை, பயிற்சியே இல்லாமையைக் காட்டிலும் தீங்கு செய்யும்.

முதற்கண், இலக்கியத்தோடு நேரே தொடர்புடைய ஒரு சண்டையை நினைவுகூர்தல் பொருந்தும். 1954-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் மக்காவ் நகரில், தாய்ச்சி ஆசிரியர் வூ கொங்யியும் வெண்கொக்கு முறையைச் சார்ந்த சான் ஹக்ஃபூவும் அறக்கொடைக்கான நிகழ்ச்சி ஒன்றில் மேடையேறினர். முன்னவர் ஐம்பதைக் கடந்தவர், பின்னவர் இளைஞர். இரண்டு முறைகளுள் எது உயர்ந்தது என்பது அன்றோடு தெளியும் என்று ஹாங்காங் மக்கள் ஆவலோடு காத்திருந்தனர். நடந்தது வேறு. காற்றில் வீசிய கைகள் பல. பட்ட அடிகள் சில. மூக்கில் இரத்தம் கண்டது. இரண்டாம் சுற்றிலேயே நடுவர்கள் சண்டையை நிறுத்தி, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை என்று அறிவித்துவிட்டனர்.

களம் விடை கூறவில்லை, எழுதுகோல் கூறிற்று. அதே மாதத்தில் ஹாங்காங்கின் மாலை நாளேடு ஒன்றில் லியாங் யூஷெங் வீரசாகசத் தொடர்கதை ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஜின் யோங்கும் எழுத முற்பட்டார். சீனமொழியின் புதிய வீரசாகச நாவல் என்னும் பேரிலக்கியம் இவ்வாறு ஊற்றெடுத்தது. கூரைவிட்டுக் கூரை தாவும் வீரர்களும், விரல்நுனியால் உயிர்நிலையைத் தீண்டி எதிரியை அசைவற்று நிற்கச் செய்யும் ஆசிரியர்களும் கோடிக்கணக்கான வாசகர்களின் உள்ளத்தில் குடிபுகுந்தனர். இலக்கியத்துக்கு இது பெரும்பேறு. போர்க்கலைக்கோ, கதையில் கண்ட ஆற்றல் கூடத்திலும் இருப்பதாக நம்பும் மயக்கம் வளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

மக்காவ் மேடையில் நின்ற இருவரும் கலையறியாதவர் அல்லர். பல்லாண்டு பயின்றவர்கள். எனினும் கற்ற நுட்பங்கள் மேடையில் வெளிப்படவில்லை. அதன் காரணத்தை அறிய, 19-ஆம் நூற்றாண்டின் டோக்கியோவுக்குச் செல்ல வேண்டும்.

1868-க்குப் பின் ஜப்பானில் சாமுராய் வகுப்பின் செல்வாக்கு வீழ்ந்தது. 1876-இல் பொதுவிடங்களில் வாள் தரிக்கும் உரிமையும் பறிபோயிற்று. ஜுஜுட்சு என்னும் பழைய வெறுங்கைப் போர்முறை மதிப்பிழந்து நின்றது. அக்காலத்தில், உடல் மெலிந்தமையால் பள்ளியில் வலியவரிடம் அடிபட்ட சிறுவன் ஒருவன் அக்கலையைத் தேடிச் சென்றான். கானோ ஜிகோரோ என்பது அவன் பெயர். இரண்டு பழைய பள்ளிகளில் பயின்றபின், 1882-இல், தம் இருபத்திரண்டாம் வயது நிரம்புவதற்கு முன்பே, ஒரு புத்தக் கோயிலின் சிறு கூடத்தில் சில மாணாக்கரோடு கொடோகான் என்னும் பள்ளியை அவர் நிறுவினார். அங்கே பிறந்ததே ஜூடோ.

கானோ செய்த மாற்றம் எளிமையானது, ஆழமானதும் ஆகும். கண்ணைக் குத்துதல், விரலை முறித்தல், உயிர்நிலைகளில் அடித்தல் முதலிய கொடிய செய்கைகள் பழைய பள்ளிகளில் மிகுதி. அவற்றை முழு விசையோடு தோழன்மீது பயில முடியாது. பயின்றால் தோழன் மறுநாள் வரமாட்டான். எனவே அவை ஒருவர் தாக்க, மற்றவர் வகுத்தபடியே வீழும் ஒப்பனைப் பயிற்சியாகவே பெரிதும் நின்றன. கானோ அச்செய்கைகளைக் கட்டா என்னும் வரிசைப் பாடங்களில் மட்டும் நிறுத்தினார். வீழ்த்துதல், அமுக்கிப் பிடித்தல், பூட்டுதல், கழுத்தை நெரித்தல் ஆகியவற்றை ரண்டோரி என்னும் கட்டற்ற பயிற்சிக்கு உரியவையாக்கினார். ரண்டோரியில் எதிரே நிற்பவன் இணங்குவதில்லை. முழு வலிமையோடும் எதிர்க்கின்றான், ஏமாற்றுகின்றான், தானும் வீழ்த்த முயல்கின்றான். வலி தாங்கவியலாத நிலையில் கையால் தட்டினால் பிடி தளர்த்தப்படும். அடிபடாமல் விழும் முறையே முதற்பாடமாக அமைந்தது.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 1880-களின் நடுப்பகுதியில் டோக்கியோ காவல்துறை நடத்திய போட்டிகளில் கொடோகான் மாணாக்கர்கள் பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளின் வீரர்களோடு மோதிப் புகழ்பெற்றனர். கொடிய செய்கைகளை மிகுதியாக அறிந்தோரை, அவற்றைக் கைவிட்டோர் வென்றனர். நூறு கொலைப்பிடிகளை இணங்கும் தோழனிடம் பயின்றவனினும், பத்துப் பிடிகளை எதிர்க்கும் தோழனிடம் ஆயிரம் முறை பயின்றவன் வலியவன். மக்காவ் மேடையின் புதிருக்கும் இதுவே விடை எனலாம். வேண்டாதவன்மீது செயற்படுத்திப் பழகாத நுட்பம், வேண்டும்போது கைக்கு வருவதில்லை.

கானோவின் மாணாக்கர் வழியே இக்கலை கடல் கடந்தது. 1904-இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட மயேதா மிட்சுயோ பல நாடுகளில் மற்போர் புரிந்து, இறுதியில் பிரேசிலின் பெலேம் நகரில் தங்கினார். அவர் வழியில் வந்த கலையைக் கிரேசி குடும்பத்தார் தரையில் கிடந்து போரிடும் தனிமுறையாக வளர்த்தனர். 1951 அக்டோபர் 23 அன்று ரியோ நகரின் மரக்கானா அரங்கில், அக்குடும்பத்தின் ஹீலியோ கிரேசி, ஜப்பானின் பெருவீரர் கிமுரா மசஹிகோவை எதிர்கொண்டார். கிமுரா அவர் கையைப் பின்புறம் மடக்கிப் பூட்டினார். ஹீலியோ தட்டவில்லை, தமையன் கார்லோஸ் துண்டை எறிந்து சண்டையை முடித்தார். தோற்ற குடும்பம் அப்பூட்டை மறைக்கவில்லை. வென்றவரின் பெயரையே அதற்கு இட்டுத் தம் பாடத்தில் சேர்த்துக்கொண்டது. இன்றும் அது கிமுரா என்றே வழங்குகின்றது.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் எண்கோணக் கம்பிவேலிக்குள் எட்டு வீரர் நிறுத்தப்பட்டனர். குத்துச்சண்டை, கராத்தே, சுமோ, பிரெஞ்சு உதைச்சண்டை எனப் பல துறையினர். எடைப்பிரிவு இல்லை. கடித்தலும் கண்ணைக் குத்துதலும் மட்டும் போன்ற சிலவே விலக்கப்பட்டன. ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே மாலையில் மூவரை வென்றார். முதலில் எதிர்த்த குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் உறை அணிந்து வந்தார்; தரையில் வீழ்த்தப்பட்டதும் செய்வதறியாது தட்டிவிட்டார். பலவகைப் போர்முறைகளையும் பயின்றோர், தரையில் நடைபெறும் சண்டையை அறியாதிருந்தனர் என்பது உலகறிய வெளிப்பட்டது. போட்டியை அமைத்தவர்களுள் ஒருவர் ராய்ஸின் தமையன் ஆதலால், களம் அக்குடும்பத்துக்கு ஏற்ப அமைந்தது என்னும் குறை கூறப்படுவதுண்டு. அக்குறையில் உண்மை இருப்பினும், அந்த அறியாமை மெய்யே.

ஆயின் அன்று வென்ற முறை என்றும் வென்றதா? இல்லை. ராய்ஸைத் தொடர்ந்து மற்போர் வீரர்கள் வந்தனர். அவர்கள் வீழ்த்தி மேலிருந்து அடித்தனர். 1997 சூலையில், உதைச்சண்டை வீரர் மாரிஸ் ஸ்மித், ஒலிம்பிக் மற்போர் வீரர் மார்க் கோல்மனை வென்றார். தரையில் தன்னைக் காத்து எழும் முறையை அவர் முன்கூட்டியே கற்றிருந்தார். 2006 மே மாதத்தில் ராய்ஸ் கிரேசியே மாட் ஹியூஸிடம் முதற்சுற்றில் தோற்றார். ஹியூஸ் மற்போர் வழியில் வந்தவர். கிரேசி குடும்பம் உலகுக்குக் காட்டிய நுட்பங்களையும் அதற்குள் பயின்றுவிட்டவர். முறைக்கும் முறைக்கும் இடையே இருந்த மதில்கள் இவ்வாறு இடிந்தன. இன்று அக்களத்தில் நிற்போர் எல்லோரும் அடி, பிடி, தரை மூன்றையும் பயின்றோரே. 1997 முதல் எடைப்பிரிவுகளும் வகுக்கப்பட்டன. எடை ஒரு பொருட்டன்று என்று கூறும் ஆசிரியர் உண்டு. சோதனைக்கு உட்பட்ட குத்துச்சண்டை, மற்போர், ஜூடோ ஆகிய எல்லாம் எடையைப் பிரித்தே போட்டி நடத்துகின்றன என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2017 ஏப்ரலில் சீனத்தின் செங்டூ நகரில் நடந்த நிகழ்ச்சியும் இங்கே கருதத்தக்கது. தாய்ச்சி ஆசிரியர் வெய் லெயைக் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தோங் இருபது வினாடிக்குள் வீழ்த்தினார். மேலைநாட்டு முறை சீன மரபை வென்றது என்று பலர் கொதித்தனர். அக்கருத்து பிழையானது. சூ சியாவ்தோங் பயின்றது பெய்ஜிங்கின் விளையாட்டுப் பள்ளி ஒன்றில். அங்கே அவர் கற்றது சாண்டா என்னும் சீனச் சண்டைமுறை. அதுவும் அம்மண்ணின் குத்து, உதை, வீழ்த்தல் ஆகியவற்றால் ஆனதே; கையுறை அணிந்து, எதிர்க்கும் தோழனோடு நாள்தோறும் மோதிப் பயிலப்படுவது. அன்று மோதியவை இரண்டு நாகரிகங்கள் அல்ல. இரண்டு பயிற்சி நெறிகள்.

இனி, வேலியிட்ட களத்துக்கும் தெருவுக்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தலாகாது. விதி மாறினால் வெற்றியும் மாறும். 1976 சூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் ஜப்பானிய மற்போர் வீரர் அன்டோனியோ இனோகியும் 15 சுற்றுகள் மோதினர். பிடிகள் பலவற்றை விதி தடுத்தமையால், இனோகி பெரும்பொழுதும் தரையில் கிடந்தபடி அலியின் கால்களை உதைத்தார். அலி வீசிய குத்துகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முடிவு சமன். தெருவிலோ விதியும் இல்லை, நடுவரும் இல்லை. எதிரி ஒருவன் என்பதும் உறுதியில்லை. அவன் கையில் கத்தி இல்லை என்பதும் உறுதியில்லை. தரை மெத்தை அன்று, கல்லும் தாரும். களத்தில் புகழ்பெற்ற தரைப்போர், அங்கே இரண்டாம் எதிரியின் உதைக்குத் தலையைக் காட்டுவதாக முடியலாம். விலகி ஓட வழியிருப்பின் ஓடுவதே அங்கே தலையாய நுட்பம்.

அவ்வாறாயின் களத்தில் பெற்ற பயிற்சி தெருவில் வீணா? வீணன்று. அடி விழுங்கால் கண்ணை மூடாத பழக்கம், இடைவெளியை அளந்து நிற்கும் அறிவு, மூச்சுத் திணறும்போதும் கலங்காத உள்ளம், தலையில் அடிபடாமல் விழும் திறம் ஆகியவை எங்கும் உடன் வரும். இவை யாவும் எதிர்ப்போரிடமிருந்து மட்டுமே கற்கத்தக்கவை.

எனவே, எந்தக் கலை சிறந்தது என்னும் வினாவைச் சற்றே திருத்திக் கேட்பது முறை. இந்தக் கூடத்தில் மாணாக்கன் ஆசிரியரை எதிர்க்கலாமா? வேறு கூடத்தாரோடு மோதும் வழக்கம் உண்டா? தோல்வி பேசப்படுகின்றதா, மறைக்கப்படுகின்றதா? தோல்விக்குப்பின் பாடம் மாறுகின்றதா? இவற்றுக்கு ஆம் என்னும் விடை கிடைக்குமிடத்தில், கலையின் பெயர் எதுவாயினும் பயிற்சி பயன்தரும். கராத்தேயிலும் அத்தகைய கூடங்கள் உள. ஜூடோவிலும் அவை இல்லாத கூடங்கள் உள. மரபின் தொன்மையும், ஆசிரியரின் புகழும், சுவரில் தொங்கும் படங்களும் இவ்விடைகளுக்கு ஈடாகா.

1964 அக்டோபரில் ஜூடோ முதன்முறையாக டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எடைவரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், ஹாலந்து நாட்டவரான அன்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவைத் தரையில் அமுக்கிப் பிடித்து வென்றார். ஜப்பான் தன் கலையில், தன் தலைநகரில், தன் மக்கள் முன் தோற்றது. ஆரவாரத்தோடு மேடையை நோக்கி ஓடிவந்த தம் நாட்டவரை ஹேசிங்க் கையுயர்த்தித் தடுத்தார். பின்னரே எதிரியை வணங்கினார். ஜூடோ அத்தோல்வியால் அழியவில்லை. உலகக் கலையாக உயர்ந்தது. எவரும் வெல்லலாம் என்னும் வாயிலைத் திறந்து வைத்த கலைக்கே அப்பெருமை கிட்டியது.

கவிதையைப் போர்க்கலையோடு முழுதும் ஒப்பிடுதல் பொருந்தாது; கவிதையில் எவரும் எவரையும் வீழ்த்துவதில்லை. ஆயினும் தலையசைப்போர் நடுவில் மட்டுமே படிக்கப்படும் கவிதை, இணங்கி வீழும் தோழனிடம் பயின்ற பிடியைப் போன்றதே. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைபெறுவது அரிது. அப்பத்தாண்டில் எத்தனை கவிதைகள் பாராட்டப் பெற்றன என்பதோடு, எத்தனை கவிதைகள் எதிர்க்கப்பெற்றுத் திருந்தின என்பதையும் கணக்கிடுதல் தகும். அடுத்த பத்தாண்டிலும் இவ்வவையில் எதிர்க்கும் தோழர்கள் குறையாதிருப்பார்களாக.