போர்ச் செய்தியும் சொற்பொருளும்



உலகில் எங்கேனும் போர் மூண்டால் செய்தித்தாள்களில் படைத்துறைச் சொற்கள் நிரம்பிவிடுகின்றன. அவை போர்வீரர்க்கே உரியவை என்றெண்ணி நாம் மேலோட்டமாகப் படித்துச் செல்கின்றோம். அங்ஙனம் செய்தல் தகுமா? மூன்று சொற்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, படைப்பிரிவு. ‘ஒரு படைப்பிரிவு எல்லைக்கு விரைந்தது’ என்று படிக்கின்றோம். விரைந்தவர் எத்தனை பேர்? பிளாட்டூன் என்பது ஏறத்தாழ 30 பேர் கொண்டது. சில பிளாட்டூன்கள் சேர்ந்தது கம்பெனி. சில கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனில் ஏறக்குறைய 800 பேர் இருப்பர். அதற்கு மேற்பட்டது பிரிகேட். அதனினும் பெரியது டிவிஷன். டிவிஷனில் 10,000 பேருக்கு மேலும் இருப்பதுண்டு. இவை யாவற்றையும் ‘படைப்பிரிவு’ என்றே எழுதிவிடுவதுண்டு. 30 பேர் செல்வது காவற்பணியாக இருக்கலாம். 10,000 பேர் செல்வது பெரும்போருக்கு ஆயத்தமாகவும் இருக்கலாம் அன்றோ?

இரண்டாவது, இழப்பு. படைக்கணக்கில் இச்சொல் இறந்தோரை மட்டும் குறிப்பதன்று. காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். 1916 ஜூலை 1-ஆம் நாள், பிரான்சு நாட்டில் சோம் ஆற்றையொட்டிய பெரும்போர் தொடங்கிற்று. அன்று ஒரு நாளில் பிரிட்டிஷ் படைக்கு நேர்ந்த இழப்பு 57,470 பேர். அவருள் மாண்டவர் 19,240 பேர். மொத்த எண்ணையே மாண்டோர் எண்ணாகக் கொண்டால், காயமுற்றோர் முதலிய 38,000-க்கும் மேற்பட்டோரை நாம் இறந்தவராக்கி விடுகின்றோம். அவ்வேறுபாடு எத்தகையது என்பதை வீட்டில் காத்திருந்த தாயர் அறிவர்.

மூன்றாவது, போர்நிறுத்தம். இதனைச் சமாதானம் என்று மயங்குவோர் பலர். முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 11-இல் பீரங்கிகள் ஓய்ந்தன; ஜெர்மனியுடன் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானதோ 1919 ஜூன் 28-இல். கொரியாவில் 1953 ஜூலை 27-இல் படைத்தலைவர்கள் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அதனைத் தொடர்ந்து வரவேண்டிய சமாதான உடன்படிக்கை எழுபது ஆண்டுகள் கடந்தும் வரவில்லை. எல்லையின் இருபுறமும் பிரிந்த உடன்பிறந்தார் பலர் ஒருவரையொருவர் காணாமலே முதுமையெய்தி மறைந்தனர். போர்நிறுத்தம் படைக்கலங்களை ஓயவைக்கும். பகையைத் தீர்ப்பதற்கு அதன் பின்னரும் முயற்சி வேண்டும்.

இத்தகைய நுண்ணிய வேறுபாடுகள் தமிழுக்குப் புதியன அல்ல. கோட்டையை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றும், அதனைக் காப்பதற்கு நொச்சி என்றும் வெவ்வேறு பெயரிட்ட மொழி நம்முடையது.

ஆதலின் மாணவர்களே, போர்ச் செய்தியைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எத்தனை பேர்? அவர்க்கு நேர்ந்தது யாது? ஓய்ந்தது சண்டையா, போரா? நாளை வாக்களித்து நாட்டின் போக்கை வகுக்கப் போகின்றவர்கள் நீங்கள். போரா, அமைதியா என்னும் வினா எழும்போது, சொல்லின் பொருளறிந்து விடை கூறுதல் உங்கள் கடமையாகும்.