புள்ளி உள்ள வண்டு, புள்ளி இல்லாத வண்டு



வட இந்தியாவில் ஏப்ரல் மாதம் கோதுமை அறுவடை நடக்கும். அடுத்த விதைப்பு நவம்பரில். அதுவரை விதைக் கோதுமை குதிரில் இருக்கும். ஒரு நாள் குதிரின் மூடியைத் திறந்தால் மாவு போலத் தூள் கிடக்கும். மணிகளில் துளை இருக்கும். அந்த மணி நன்றாக முளைக்காது. உழைப்பு வீண்.

இது மூக்கு வண்டின் வேலை. கூன் வண்டு என்றும் சொல்வார்கள். அதன் தலையில் நீண்ட மூக்கு உண்டு. பெண் வண்டு அந்த மூக்கால் மணியைக் குடையும். குழிக்குள் ஒரு முட்டை இடும். பசையால் குழியை மூடிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளரும். மழைக்காலத்தில் சூடும் ஈரமும் சேர்ந்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். ஒரு பெண் வண்டு 300 முட்டைகள்கூட இடும்.

மூக்கு வண்டில் மூன்று வகை உண்டு. மூன்றும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். எப்படி அடையாளம் காண்பது?

வண்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். பூதக்கண்ணாடியால் முதுகைப் பாருங்கள்.

முதுகில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகள் உள்ளனவா? அது அரிசி வண்டு. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். எள் அளவுதான். கழுத்தை அடுத்த பகுதியில் வட்டமான சிறு குழிகள் இருக்கும். இதற்குப் பறக்கும் இறக்கை உண்டு.

புள்ளியே இல்லையா? உடல் முழுவதும் ஒரே கருமையாக, பளபளப்பாக உள்ளதா? அது களஞ்சிய வண்டு. சற்றுப் பெரியது. அதன் குழிகள் நீண்டு, முட்டை வடிவில் இருக்கும். குளிர்ந்த பகுதிகளில் வாழும். இதனால் பறக்க முடியாது.

மூன்றாவது மக்காச்சோள வண்டு. இதற்கும் நான்கு புள்ளிகள் உண்டு. பறக்கவும் செய்யும். அரிசி வண்டிலிருந்து இதை வெறும் கண்ணால் உறுதியாகப் பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் உடலின் உள்பாகத்தைப் பார்த்தே சொல்வார்கள். கவலை வேண்டாம். இரண்டுக்கும் தடுப்பு முறை ஒன்றுதான்.

இந்த அடையாளம் எதற்கு? வண்டு எந்த வழியாக வந்தது என்று அறியத்தான். புள்ளி வண்டு வயலிலேயே கதிரில் ஏறும். பக்கத்துக் குதிரிலிருந்தும் பறந்து வரும். எனவே தானியத்தை நன்றாகக் காயவைத்து, இடுக்கு இல்லாமல் மூட வேண்டும். புள்ளி இல்லாத வண்டு பழைய சாக்கிலும் பழைய தானியத்திலும் வரும். எனவே சாக்கைக் கொதிநீரில் நனைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். புதுத் தானியத்தைப் பழையதோடு கலக்கக் கூடாது.

டில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பூசா குதிரை உருவாக்கியது. அதன் மண் சுவருக்கு நடுவே பாலித்தீன் தாள் இருக்கும். ஈரம் உள்ளே போகாது.

ஓர் எச்சரிக்கை! கோதுமையில் வைக்கும் விஷ மாத்திரையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் புகை ஆளையே கொல்லும்.

மாதம் ஒரு முறை ஒரு பிடி தானியத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உள்ளே அரித்த மணி மிதக்கும். மிதந்தால் உடனே சலித்து, வெயிலில் காயவையுங்கள். விதை பிழைக்கும்.