வளரியும் வாய்மொழியும்

(எழுமலையில் நம் சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரணில் கிடக்கும் ஒரு பழம்பொருளைப் பற்றிப் பேசுவதற்குக் கூட்டமும் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே நமது கருத்து. அப்பொருள் இரும்பு விலைக்குப் போய்விட்ட பின்னர் எத்தனை கூட்டம் கூட்டினும் அதனை மீட்க இயலாதன்றோ?

அமெரிக்க தேசத்தில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் பலர் உளர். விசையின் கீழுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் வின்செஸ்டர் துப்பாக்கியை, சிறப்பாக 1873 ஆம் ஆண்டு மாதிரியை, அவர்கள் பெரிதும் விரும்புவர். அதன் உடலில் வரிசை எண் பொறித்திருக்கும். அக்கம்பெனியின் பழைய பேரேடுகள் வயோமிங் மாகாணத்துக் கோடி நகரப் பொருட்காட்சிச் சாலையில் பேணப்படுகின்றன. எண்ணைக் கொண்டு ஏட்டைப் புரட்டினால் பல துப்பாக்கிகளின் வரலாறு வெளியாகும்.

நம் முன்னோர் வேட்டையிலும் போரிலும் எறிந்த வளரிக்கோ எண்ணும் இல்லை, ஏடும் இல்லை. முதியோர் வாய்மொழி ஒன்றே அதன் பேரேடு. அப்பேரேட்டின் தாள்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து வருகின்றன.

முதலில் பொருளை அறிவோம். வளரி அல்லது வளைதடி பிறைபோல் வளைந்தது. பெரும்பாலும் வயிரம் பாய்ந்த மரத்தால் ஆயது, இரும்பாலும் செய்வதுண்டு. ஒரு முனை கனத்தும், மறுமுனை கைப்பிடிக்கு இசைய மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சுழற்றி எறிவர். அரிவாளோடு இதனை மயங்குவோர் உளர். அரிவாளுக்குக் கூர் உள்வளைவில். வளரிக்குக் கூர் புறவளைவில். அரிவாளுக்குப் பிடி தனியே செருகப்படும். வளரியில் பிடியும் உடலும் ஒன்றே. இவ்விரண்டையும் நோக்கினால் பெரும்பாலும் ஐயம் தீரும்.

இதன் ஆற்றலுக்குப் பகைவரே சாட்சி. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கும்பெனி அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கையினர் நூறு கஜத்துக்குள் குறி தவறார் என்றும் 1830 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அவரே 1801 இல் அந்த ஆசானுக்கு எதிராகப் போரிட்ட படையில் இருந்தார். மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட அவ்வாண்டின் டிசம்பரிலேயே, பாளையங்களில் ஆயுதம் தரித்தல் கூடாதென்று கும்பெனியார் விளம்பரம் செய்தனர். 1909 இல் தர்ஸ்டன் துரை தம் நூலை வெளியிட்டபோது, வளரி எறிவதில் வல்லவர் புதுக்கோட்டைச் சீமையில் இல்லை என்ற செய்தியே அதில் இடம் பெற்றது.

பின்னர்க் கைரேகைச் சட்டம் வந்தது. 1920 ஏப்ரல் 3 ஆம் நாள், இவ்வூருக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் சுடப்பட்டு மாண்டனர். 1947 இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அத்தகைய காலத்தில், வீட்டில் ஆயுதம் உண்டென்று பிள்ளைகளிடம் சொல்லவும் பெரியோர் அஞ்சியிருப்பின் அதில் வியப்பென்ன? பரணிலே பொருள் இருக்கப் பெயர் மறந்தது இவ்வாறே போலும்.

தாய்மார்களே, இவ்விடத்தில் உங்கள் துணை பெரிதும் வேண்டும். திருமணத்தில் மணமக்கள் வீட்டார் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் கள்ளரிடையே இருந்ததென்று தர்ஸ்டன் குறித்துள்ளார். ஆதலால் ஒரு வீட்டு வளரி அவ்வீட்டாருடையதாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அதனை அறிந்திருப்பவள் அப்பத்தாவோ அம்மாச்சியோ அன்றி வேறு யார்?

எனவே நாம் வேண்டுவன சில. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கற்க. பழமையின் அடையாளம் அதனோடு போய்விடும். நீளம், எடை, மரமோ இரும்போ என்பவற்றை அளந்து எழுதுக. படம் எடுக்க. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை முதியோர் சொற்படியே குறித்து, சொன்னவர் பெயரும் நாளும் இடுக. விற்பனைக்கு வரும் வளரியில் புதுமரத்துக்குச் சாயமேற்றிய மோசடியும் இருக்கலாம். வரலாறு சொல்லமாட்டாதவனிடம் விலை பேசற்க.

சட்டத்தையும் மறவற்க. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அதே ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றமாதலின், வளரியைக் காப்பது வேட்டைக்கன்று. பரணில் பழந்துப்பாக்கி அகப்படின், அது பயன்படாதது என்று நாமே தீர்ப்புச் சொல்லாது, 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு இணங்க உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

நம் வளரிகளுள் சில சென்னை எழும்பூரிலும், சில கடல் கடந்து ஆக்ஸ்போர்டிலும் கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளன. இன்ன ஊரில் இன்னார் எறிந்தது என்று அவற்றின் வாயால் சொல்ல இயலாது. நம் வீட்டில் எஞ்சியவற்றுக்கேனும் அக்குறை நேராதிருக்கட்டும். இன்று வீடு சென்றதும் பரணில் ஏறுமுன், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் முதலில் கேளுங்கள். பொருள் இன்னும் சில காலம் காத்திருக்கும். அவர் காத்திருப்பார் என்று சொல்ல நம்மால் இயலாது.