பலாமூசும் ஒரு கரண்டி எண்ணெயும்

நான் மாரண்டஹள்ளியில் இருபது வருசமாகச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பலாக்காய்க் காரக்குழம்பு வைக்கிற விதத்தை ரேடியோவில் ஆறு நிமிஷத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். குழம்பு வைக்க அரை மணி நேரம், காயை அறுத்து எடுக்க ஒரு மணி நேரம். பேச்சும் அந்தக் கணக்கில்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது. ராகிக் களிக்குக் கறிக்குழம்பு தொட்டுப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? சரியாக அந்தச் சமயத்தில்தான் பலாமரத்தில் பிஞ்சு தொங்கும். "அவளே பார்த்துப் பண்ணின ஏற்பாடு" என்பார் என் மாமியார். வங்காளத்தில் பலாக்காய்க்கு 'மரத்து ஆடு' என்றே ஒரு பேர் உண்டு. அங்கேயும் நம்மைப் போல நாக்குள்ளவர்கள்தான் போலிருக்கிறது.

முதலில் காயைப் பார்ப்போம். கடையில் வெறுமனே 'பலாக்காய்' என்று கேட்காதீர்கள், 'மூசு' என்று கேளுங்கள், இளம் பிஞ்சுக்கு அதுதான் பேர். ஒரு கிலோ இருந்தால் போதும், மிஞ்சினால் ஒன்றரை. முள் நெருக்கமாக, கூராக, நல்ல பச்சையாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் சுளை வேறு, கொட்டை வேறு என்று பிரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிய வேண்டும். கொட்டையின் தோல் இறுகிவிட்டது என்றால் குழம்புக்கு வயசு தாண்டிவிட்டது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு புதுமனை புகுவிழாவுக்கு எண்பது பேருக்குச் சமையல். விலை குறைவாக இருக்கிறதே என்று முற்றின காயாக ஆறு வாங்கிவிட்டேன். குழம்பு கொதிக்கக் கொதிக்க இனிப்புத் தட்டுகிறது. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டேன். காரம் ஒரு பக்கம் நின்றது, இனிப்பு ஒரு பக்கம் நின்றது, இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. பந்தியில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இது குழம்பா, பாயசமா?" அன்றிலிருந்து வெட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

மரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொத்தாகக் காய்த்த இடத்தில் இரண்டு பிஞ்சை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது நன்றாகப் பருக்கும், அதனால் நட்டமில்லை. மரத்தடியில் கறுத்து உதிர்ந்து கிடக்கிற விரல் நீளத் திரி ஆண் பூ. அது காயாகாது. பிஞ்சு கொட்டுகிறதே என்று கவலைப்படாதீர்கள்.

இப்போது காயில் வடிகிற பாலுக்கு வருவோம். இந்தக் குழம்பின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் வெறும் கையோடு அரிவாள்மணையில் உட்கார்ந்துவிட்டேன். விரலோடு விரல் ஒட்டி, கையோடு காய் ஒட்டி, முந்தானையும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டேன், சோப்புப் போட்டேன், இன்னும் இறுகியது. அடுத்த வீட்டு அக்கா வந்து ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றித் தேய்த்தார், பால் கழன்று வந்தது. பலாப்பால் ரப்பர் ஜாதி. தண்ணீருக்கு அடங்காது, எண்ணெய்க்குத்தான் இளகும்.

அதனால் மணிக்கட்டு வரைக்கும் எண்ணெய், கத்திக்கும் எண்ணெய். விளக்கெண்ணெய்கூடப் போதும். கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். காம்பை நறுக்கி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி பத்து நிமிஷம் கவிழ்த்து வையுங்கள், பால் வடிந்துவிடும். பிறகு வட்டமாக அரிந்து, கசிகிற பாலைத் தாளால் ஒற்றி எடுத்து, பச்சை தெரியாத அளவுக்குத் தோலைத் தடிமனாகச் சீவுங்கள். துண்டுகள் உடனே மஞ்சள் கலந்த மோர்த் தண்ணீருக்குள் போக வேண்டும். வாழைக்காய் போலத்தான், காற்றுப் பட்டால் கறுக்கும். ரேடியோவைக் கேட்டுக்கொண்டே அறுக்கிறவர்கள் தயவுசெய்து அந்தக் கையால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். அப்புறம் என் பேச்சை நிறுத்தவே முடியாது!

மற்றதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். துண்டுகளை உப்பு, மஞ்சள் போட்டு, குக்கரில் ஒரே விசில். இரண்டாவது விட்டால் நார் நாராகிவிடும். பத்துக் காய்ந்த மிளகாய், மூன்று கரண்டி மல்லி, மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, கால் மூடித் தேங்காய், எல்லாவற்றையும் வறுத்து அரையுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, மூன்று தக்காளி. பாலக்கோட்டுத் தக்காளியை விலை விழுந்து ரோட்டில் கொட்டுகிற நாளாக இருந்தால் நாலாகவே போடுங்கள். அரைத்த மசாலாவைச் சேர்த்து வதக்கி, எண்ணெய் பிரிந்ததும் சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, காயைப் போட்டுச் சிறுதீயில் கால் மணி நேரம். இறக்கியதும் பரிமாறாதீர்கள். ஒரு மணி நேரம் கிடந்தால்தான் காய்க்குள் காரம் இறங்கும்.

போன வருசம் காப்புக் கட்டிய சமயத்தில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் களியும் இதுவும் சாப்பிட்டுவிட்டு, "எலும்பே இல்லாம நல்ல கறியா போட்டிருக்கியேம்மா" என்றார். பலாக்காய் என்று சொன்னேன், நம்பவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தோலைக் காட்டினேன். இன்னொரு உருண்டை களி வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்தது. இளம் மூசு, கை நிறைய எண்ணெய், ஒரே விசில், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று. இலங்கையில் சிங்களத்தார் பலாவைச் 'சோற்று மரம்' என்பார்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆர்தர் டயஸ் என்பவர், பஞ்சத்துக்கு உதவும் என்று பலாக் கன்று நடச் சொல்லி ஊர் ஊராகப் பரப்பினார். 'பலா மாமா' என்றே அவருக்குப் பேர் வந்தது. இளம் மூசு, கை நிறைய எண்ணெய், ஒரே விசில், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் இடம் இருந்தால் கொல்லையில் ஒரு கன்று வையுங்கள். அடுத்த தலைமுறை காப்புக் கட்டுகிறபோது மூசு தேடி அலையாமல் இருக்கட்டும்.